பாட்டுக்கு வாய்தா கிடையாது

பாளையங்கோட்டையில் மே மாதத்தில் அடுத்தவரிடம் ஃபேனை நிறுத்தச் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். எனக்குத் தெரிந்து அந்தத் துணிச்சல் ஒருவருக்குத்தான் இருந்தது. நான் மாடியில் வாடகைக்கு இருந்தபோது கீழே குடியிருந்த வீட்டுக்கார அக்கா. காலை ஐந்தேகால் ஆனதும் கீழே சன்னல்களைச் சாத்தும் சத்தம் கேட்கும். பிறகு, "ஃபேனை நிறுத்துங்க" என்று ஒரு குரல் வரும். அது அவருடைய கணவருக்கு. "தம்பி, மேலயும்" என்று இன்னொரு குரல் வரும். அது எனக்கு. மாடி ஃபேன் சுற்றினால் கீழ்வீட்டுக் கூரை அதிரும் என்பது அவர் கட்சி. நான் தூக்கக் கலக்கத்தில் கையை நீட்டிச் சுவிட்சைத் தட்டிவிட்டு, வேர்த்து வழியப் படுத்துக் கிடப்பேன். வீடு பார்க்க வந்த அன்று இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அக்கா கோர்ட்டில் டைப்பிஸ்ட். டைப்ரைட்டிங்கில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்தவர். நாற்பத்தைந்து வயதில், மகள் கல்யாணமாகிப் போனபோது விட்டுவிட்டுப் போன லேப்டாப்பில் பாட்டு செய்ய ஆரம்பித்தார். 'பாட்டு செய்யுதேன்' என்றுதான் சொல்லுவார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. சென்னையில் நாங்கள் அதை மியூசிக் புரொடக்‌ஷன் என்போம், அரேஞ்ச்மென்ட் என்போம், புரோகிராமிங் என்போம். இவர் என்னடாவென்றால் ஏதோ புளிக்குழம்பு செய்வதைப் போலச் சொல்கிறார்.

நான் பெரிய ஆள் என்ற நினைப்பு எனக்கு மண்டை நிறைய இருந்த காலம் அது. சென்னையில் ஒலிப்பதிவுக் கூடங்களில் பதினோரு வருடம் குப்பை கொட்டிவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். ஜவுளிக்கடை விளம்பரங்களுக்கு இசை போட்டுப் பிழைப்பு ஓடியது. அது போக, எனக்கென்று சொந்தமாக இருபத்து மூன்று பாடல்கள் வைத்திருந்தேன். எல்லாம் பாதியில் நின்றவை. பல்லவியோடு நின்றது, தாளத்தோடு நின்றது, பெயர் வைத்ததோடு நின்றது என்று வகைவகையாக இருக்கும்.

அக்கா அவ்வப்போது மாடிப்படியேறி வந்து ஒரு சந்தேகம் கேட்பார். ஒன்றுதான் கேட்பார். நான் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், அடுத்ததையும் அதற்கடுத்ததையும் சேர்த்துச் சொல்லுவேன். அவர் பாதியிலேயே கையை உயர்த்திவிடுவார். "போதும் தம்பி. அது இன்னைக்கு உள்ளது இல்லை" என்று இறங்கிப் போய்விடுவார். இலவசமாகக் கிடைக்கிற அறிவை வேண்டாம் என்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வரும்.

அப்படி வந்த ஒரு நாள் என் கணினித் திரையில் அந்த இருபத்து மூன்றையும் பார்த்துவிட்டார்.

"இம்புட்டும் உங்க பாட்டா தம்பி?"

"ஆமாக்கா. எல்லாம் பாதியில நிக்கி."

"ஏன் நிக்கி?"

"மூடு வரணும்லா."

அக்கா சிரிக்கவில்லை. "கோர்ட்டுலயும் இப்படித்தான். காலையில கேஸ் லிஸ்ட் நீளமா ஒட்டியிருக்கும். வக்கீல் வரலன்னு ஒண்ணு தள்ளிப்போகும், சாட்சி வரலன்னு ஒண்ணு தள்ளிப்போகும். வாய்தா, வாய்தான்னு நான் அடிக்கிற அடியில பாதி அந்த வார்த்தைதான். அங்கன அடிச்சு அடிச்சுச் சடைஞ்சுபோச்சு. வீட்டுல நான் ஒரு நாளைக்கு ஒரு கேஸ்தான் எடுப்பேன். அதுக்கு அன்னைக்கே தீர்ப்பு. பாட்டுக்கு வாய்தா கிடையாது."

சொன்னதைச் செய்துகொண்டும் இருந்தார். அதற்கென்று அவர் வைத்திருந்த காகிதங்களை நான் பார்த்திருக்கிறேன். அண்ணாச்சி, அதாவது அவருடைய கணவர், ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டன்ட். அவர் கொண்டுவரும் ஒருபக்கம் எழுதிய பழைய தாள்களின் வெற்றுப் பக்கத்தில், நாளுக்கு ஒன்றாக, மேலே 'வழக்கு' என்றும் கீழே 'தீர்ப்பு' என்றும் எழுதுவார். 'வழக்கு: இரண்டாவது சரணத்தில் தபேலா பாட்டை இடிக்கிறது. தீர்ப்பு: தபேலாவை எடுத்தாச்சு.' 'வழக்கு: புல்லாங்குழல் வேண்டுமா? தீர்ப்பு: வேண்டாம். ஆசைக்கு வைத்தது.' கடைசியில் ரப்பர் முத்திரையில் அன்றைய தேதியை வைத்து ஒரு குத்து. மறுநாள் காலையில் அந்தத் தீர்ப்பை அவரே மாற்ற மாட்டார். மாற்றத் தோன்றினால் அதைப் புது வழக்காகத்தான் எடுப்பார்.

நேரமும் அளவுதான். ஐந்தேகாலுக்கு உட்கார்ந்தால் ஆறு வரைக்கும். ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கும். கிறிஸ்தவ தேவாலயத்தையும் எங்கள் பக்கத்தில் கோயில் என்றுதான் சொல்லுவோம். மணி அடித்துவிட்டால் மைக்கில் அது விழும், பிறகு காக்கா, பிறகு பஸ் ஹாரன், பிறகு குக்கர். அதனால் முதல் மணிக்கே எழுந்துவிடுவார். பாதி ஸ்வரத்தில் இருந்தாலும் எழுந்துவிடுவார். அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் அவர் வேறு எதற்கும் எழுந்ததில்லை. ஒருமுறை மேல்தொட்டி நிரம்பித் தண்ணீர் மாடிப்படியில் ஆறாக ஓடியது. நான் கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்துப்போனேன். ஆறு மணிக்குக் கதவைத் திறந்து, "தண்ணி போவுதோ?" என்று கேட்டார். அந்த நிமிடம் அவரைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

முதல் பாட்டு சகிக்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது, அவருக்கே தெரியும். பின்னணியில் எல்லா வாத்தியமும் ஒரே நேரத்தில் பேசின, கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. இரண்டாவது பாட்டில் பாதிப் பேர் வாயை மூடியிருந்தார்கள். மூன்றாவதில் குரல் கேட்டது. நான்காவதில் ஒரு தாளம் வந்தது. டொக், டொக் என்று, கேட்காத சத்தமாக இருந்தது. எந்த வாத்தியம் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அந்தத் தேதி முத்திரையைத் தூக்கிக் காட்டினார். மைபோடும் பெட்டியில் ஒரு குத்து, தாளில் ஒரு குத்து. அதைத்தான் பதிந்து தாளமாக அடுக்கியிருக்கிறார். விசைப்பலகையில் தட்டச்சு அடித்துப் பழகிய விரல் என்பதால் தாளம் ஒரு இழை பிசகவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் முதன்முதலாகப் பொறாமை வந்தது. ஏழாவது பாட்டு வந்தபோது பொறாமையும் போய், காலையில் நானாகவே ஃபேனை நிறுத்திவிட்டு, கீழே என்ன நடக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பேன்.

பாடியதெல்லாம் அண்ணாச்சி. கோயில் பாடகர் குழுவில் அவருக்குச் சுருதிப்பெட்டி என்று பெயர். ஆர்கன் வாசிப்பவர் வராத நாளில் அவர் ஒரு 'ம்' கொடுப்பார், நாற்பது பேரும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் எந்தப் பாட்டிலும் சுருதி விட்டதில்லை என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு அது நன்றாகவே தெரியும். "நம்ம தொண்டையில சுருதி தப்பாதுவே, காது வேணா தப்பும்" என்று என்னிடம் சொல்லி, பெருமையாக வெற்றிலையை மடிப்பார்.

எட்டுப் பாட்டு என்று கணக்கு வைத்திருந்தார்கள். எட்டாவது பாட்டுக்கு வார்த்தையை அண்ணாச்சியே எழுதினார். அவருக்குச் சொந்த ஊர் கொற்கை. ஒரு காலத்தில் துறைமுகமாக இருந்து, கடல் தள்ளிப்போய்விட்ட ஊர். 'கடல் போன பின்னாலும் கரையின்னுதான் பேரு' என்று ஆரம்பிக்கும். அக்கா மெட்டுப் போட்டு முடித்து, வாத்தியங்களைத் தொடுவதற்குள் அண்ணாச்சியின் கழுத்தில் கட்டி தெரிந்தது.

எடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். குரல் நரம்பை ஒட்டி இருக்கிறது, எடுத்த பிறகு பேச்சு வந்துவிடும், பாட்டு வருவது சந்தேகம் என்றும் சொன்னார். மூன்று வாரத்தில் தேதி குறித்தார்கள். நான் அக்காவிடம், லீவு போட்டுவிட்டு நாள் முழுக்க உட்காருங்கள், நானும் கூட இருக்கிறேன், வாத்தியத்தை எல்லாம் முடித்துவிடலாம் என்றேன். அண்ணாச்சிக்கு வேறு யோசனை.

"டாக்டர்ட்ட ஒரு மாசம் தள்ளிக் கேட்டா என்ன? பாட்டு முடிஞ்சிரும்லா."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். "பாட்டுக்கே வாய்தா கொடுக்காதவ, உங்க கழுத்துக்கு வாங்குவேனா?"

அதோடு பேச்சு முடிந்தது. லீவும் போடவில்லை. அதே ஐந்தேகால், அதே ஆறு மணி. எனக்குப் பொறுக்கவில்லை. இந்த அம்மாளுக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அந்த மூன்று வாரமும் காலையில் முதல் ஐந்து நிமிடம் அண்ணாச்சியின் குரல் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு, கரகரத்தால் அன்றைக்குப் பாட விடாமல் வேறு வேலை எடுத்திருக்கிறார். அவசரப்பட்டிருந்தால் அந்தத் தொண்டை அப்போதே போயிருக்கும்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதற்கு முந்தின நாள் காலையில் குரல் தெளிந்தது. மைக்கைச் சரிபார்க்க என்னையும் கூப்பிட்டார். வாத்தியம் ஒன்றும் தயாராகவில்லை. பாடுகிறவர் காதில் சுருதி கொடுக்கக்கூட எதுவும் போடவில்லை.

"எதுவும் இல்லாம பாடுங்க" என்றார் அக்கா. "பின்னால நான் வந்து சேர்ந்துக்கிடுதேன்."

அண்ணாச்சி இரண்டு வரி பாடினார். நிறுத்தினார். மூச்சு வாங்கியது. சாத்திய அறையில் அவருடைய பனியன் முழுக்க நனைந்திருந்தது. "கொஞ்சம் காத்து" என்றார், தயங்கித் தயங்கி. அந்த வீட்டில் அந்த நேரத்தில் அதைக் கேட்கக்கூடாது என்று அவருக்குத் தெரியும்.

அக்கா எழுந்துபோய்த் தன் கையாலேயே ஃபேனைப் போட்டார்.

"அக்கா, சத்தம் விழும்" என்றேன் மெதுவாக.

"விழட்டும்."

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சாகப் பாடினார். முடித்துக் கொஞ்ச நேரத்தில் கோயில் மணி அடித்தது. அக்கா தாளை எடுத்தார். 'வழக்கு: எட்டாவது பாட்டு, முழுவதும்' என்று எழுதித் தேதி முத்திரையைக் குத்தினார். தீர்ப்பு என்ற இடத்தில் பேனாவை வைத்து எடுத்துவிட்டார். எனக்குத் தெரிந்து அவர் வெறுமையாக விட்ட ஒரே தாள் அதுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அண்ணாச்சி நடந்தே வீட்டுக்கு வந்தார். குரல் மட்டும் காற்றாகிவிட்டது. பக்கத்தில் காதை வைத்தால்தான் வார்த்தை கேட்கும்.

இரண்டு வாரம் கழித்து அக்கா அந்தப் பதிவை என்னிடம் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னார். நான் வழக்கம்போல ஆறு வேலைக்கு நடுவில் கேட்டேன். ஃபேன் இரைச்சலை மென்பொருளால் துடைத்துப் பார்த்தேன், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிட்டது. ஒரு கீபோர்டைச் சேர்த்து வாசித்தேன். முதல் வரியிலேயே குரலும் கீபோர்டும் ஒட்டாமல் பல் கூசியது. மாடிப்படியில் நின்று அக்காவிடம் சொன்னேன்.

"சரிப்படாதுக்கா. அண்ணாச்சி சுருதி விட்டுட்டாக. பாவம், அன்னைக்கு முடியல அவுகளுக்கு."

படிக்குக் கீழே அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். நான் பார்க்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். உதடு அசைந்தது. அக்கா குனிந்து காதைக் கொடுத்தார். அண்ணாச்சி மறுபடி சொன்னார். இந்தத் தடவை எனக்கே கேட்டது.

"விட்டுட்டேனா?"

வாழ்நாள் முழுக்க நாற்பது பேருக்குச் சுருதி கொடுத்த மனிதர். இனி பாட முடியாது என்பதைக்கூட அவர் எப்படியோ விழுங்கிக்கொண்டிருந்தார். கடைசியாகப் பாடியது தப்பிவிட்டது என்பதை அவரால் விழுங்க முடியாது. நாக்கை அறுத்துப் போடலாமா என்று இருந்தது எனக்கு. மறுநாளிலிருந்து அவர் வெற்றிலை போடக்கூட வெளியே வந்து உட்காரவில்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை. என் பேச்சை மறுக்கவும் இல்லை. மறுநாள் ஐந்தேகாலுக்குச் சன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு கீழே ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடியது. முதல் வரி மட்டும், நாற்பத்தைந்து நிமிடம். அடுத்த நாள் இரண்டாவது வரி. பதினோரு வரிப் பாட்டு அது. பதினோரு நாள் அப்படியே போயிற்று. ஒரு வாத்தியத்தைக்கூட அவர் சேர்க்கவில்லை. அந்தத் தாள்களைப் பிறகு பார்த்தேன். 'வழக்கு: முதல் வரி. தீர்ப்பு: கீபோர்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது.' 'வழக்கு: இரண்டாம் வரி. தீர்ப்பு: அதே அளவு மேலே.' 'மூன்றாம் வரி: அதே அளவு.' பதினொன்றிலும் அதேதான்.

பன்னிரண்டாம் நாள் காலையில் ஆறு மணிக்கு முன்னாலேயே கீழிருந்து குரல் வந்தது. "தம்பி, இங்கன வாங்க." அவருடைய நேரத்தில் அவர் என்னைக் கூப்பிட்டது அந்தப் பாட்டைப் பதிந்த அன்றைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. செருப்புக்கூடப் போடாமல் இறங்கினேன்.

"சுருதி விட்டவுக எப்படிப் பாடுவாக?" என்றார்.

"அலைவாக. அங்கன இங்கன போவாக."

"இவுக முதல் வார்த்தையில எங்க நின்னாகளோ, கடைசி வார்த்தையிலயும் அங்கனயேதான் நிக்காக. விட்டவுக ஒரே மாதிரி விடுவாகளா?"

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு வழக்கு என்னன்னா, அந்த இடத்தை அவுக எங்கருந்து பிடிச்சாகங்கிறது. மொத ரெண்டு வரி பாடி நிறுத்தினாகள்லா, அதைக் கேளுங்க." ஓடவிட்டார். அது வேறு இடத்தில் இருந்தது, கொஞ்சம் கீழே. "இது ஃபேன் போடுததுக்கு முன்னால. இப்போ பின்னால உள்ளதைக் கேளுங்க." ஓடவிட்டு, பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே நிறுத்தினார். வெறும் ஃபேன் சத்தம் மட்டும். "ம்" என்று ஒரே சீராக ஓடியது. அக்கா எழுந்துபோய் அறை ஃபேனைப் போட்டார். தலைக்கு மேலேயும் அதே "ம்".

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காதில் சுருதி கொடுக்க ஒன்றும் இல்லாதபோது, அந்த அறையில் இருந்த ஒரே சுருதியை அந்த மனிதர் பிடித்துக்கொண்டிருக்கிறார். கரண்ட் இரைகிற சுருதி கீபோர்டின் எந்தக் கட்டையிலும் வராது, இரண்டு கட்டைக்கு நடுவில் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, அதில் போய் நின்று, பதினோரு வரியும் அங்கேயே நின்று பாடியிருக்கிறார். காது தப்பினது எனக்கு. அவர் முன்பே சொன்னதுதான். சென்னையில் கொட்டின பதினோரு வருடக் குப்பையும் என் தலையிலேயே கொட்டினது போல இருந்தது.

பிறகு அக்கா செய்தது ரொம்பச் சின்ன வேலை. வாத்தியங்களையெல்லாம் அந்த ஃபேனுக்குச் சுருதி சேர்த்தார். இரைச்சலைத் துடைக்கவில்லை, தம்புராவாக அப்படியே ஓடவிட்டார். நாளுக்கு ஒரு வழக்காக ஒரு மாதம் ஆயிற்று. நான் இடையில் அவசரப்படுத்தினேன், "அது இன்னைக்கு உள்ளது இல்லை" என்றார்.

அவர்கள் ராதாபுரம் பக்கம் மாற்றலாகிப் போய் வருடங்கள் ஆகின்றன. என் இருபத்து மூன்றில் இப்போது நான்குதான் மிச்சம் நிற்கின்றன. யாராவது என்னிடம் பாட வந்தால், ஃபேனை நிறுத்துவதற்கு முன் அது எந்தச் சுருதியில் ஓடுகிறது என்று ஒரு நிமிடம் நின்று கேட்பேன். வந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

எட்டாவது பாட்டு முடிந்த காலையில் நான் கீழேதான் இருந்தேன். அக்கா அண்ணாச்சியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாட்டைப் போட்டார். அவர் முதலில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். மூன்றாவது வரியில் நிமிர்ந்தார். ஆறாவது வரியில் அவருடைய கண் மேலே, ஃபேனுக்குப் போயிற்று. பிறகு பாட்டு முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வார்த்தைக்குப் பிறகு வெறும் "ம்" மட்டும் கொஞ்ச தூரம் ஓடி நின்றது.

அக்கா தாள்கட்டின் அடியிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்தார். வெறுமையாக விட்ட இடத்தில் எழுதினார். எழுதி அவரிடம் நீட்டினார். 'தீர்ப்பு: விடவில்லை.'

அண்ணாச்சி அதை வெகுநேரம் வாசித்தார். இரண்டு சொல்லை வாசிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. பிறகு அக்காவைப் பக்கத்தில் வரச்சொல்லிக் காதில் ஏதோ சொன்னார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணும் கலங்கிவிட்டது.

"என்னக்கா சொல்லுதாக?"

"இதுல உள்ளது பழைய தேதியாம். இன்னைக்குத் தேதி போட்டாத்தான் செல்லுமாம்."

அக்கா முத்திரையில் தேதியைத் திருப்பி வைத்து ஒரு குத்துக் குத்தினார். அண்ணாச்சி ஃபேனைப் போட்டு, மை காயும்வரை தாளை அதற்குக் கீழே விரித்துப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மணி ஆறாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஃபேனை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.